பிசிஓஎஸ்: வராத பீரியட்ஸும் நிற்காத பீரியட்ஸும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசிஓஎஸ் (சிலர் பிசிஓடி என்பார்கள்) என்பது சினைப்பை சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறு. அது இருக்கிறவர்களை பீரியட்ஸ் இரண்டு விதமாகப் படுத்தும். மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது, இல்லையென்றால் வந்த பிறகு போக மனசு வராது. தெரிந்தவர்களும் தெரிந்தவர்களின் தங்கைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சென்னையில் பல வருடமாக இந்தப் பிரச்சினையோடு குடித்தனம் நடத்துகிறவள், அவ்வளவுதான். அதனால் எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்றெல்லாம் இங்கே இருக்காது. அது உங்களை நேரில் பார்க்கிறவர் எழுத வேண்டியது.

எத்தனை நாள் வரைக்கும் நார்மல்?

வந்த முதல் நாளிலிருந்து அடுத்த முறை வரும் முதல் நாள் வரை எண்ணுங்கள். 21 முதல் 35 நாளுக்குள் ஒரு தடவை வந்து, 8 நாளுக்குள் முடிந்துவிட்டால் கவலை இல்லை. வயசுக்கு வந்த முதல் வருடம் தாறுமாறாக இருப்பது சகஜம், அடுத்த 2 வருடத்துக்கு 45 நாள் இடைவெளி வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் வருடம் தாண்டியபின் ஒரே ஒரு முறை 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தாலும் போய்க் காட்டிவிடுங்கள்.

மூணு மாசம் வரவே இல்லை. இப்போ வந்து மூணு வாரமா நிக்கலை. இது என்ன கணக்கு?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

சாதாரணமாக மாதத்தின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரை வளர்க்கும். நடுவில் சினைமுட்டை வெளியாகும். அதற்கப்புறம் புரோஜெஸ்டிரோன் சுரந்து அந்தச் சுவரைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும். கரு தங்கவில்லை என்றால் புரோஜெஸ்டிரோன் சட்டென்று குறையும், மொத்தச் சுவரும் ஒரே நேரத்தில் உதிரும், நாலைந்து நாளில் வேலை முடிந்துவிடும். பிசிஓஎஸ்ஸில் சினைமுட்டை பல மாதங்களில் வெளியாவதே இல்லை, அதனால் புரோஜெஸ்டிரோனும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தன் பாட்டுக்குச் சுவரை வளர்த்துக்கொண்டே போகும், நமக்கு "வரவில்லை" என்று தெரிவது அந்தக் காலம். ஒரு கட்டத்தில் அந்தச் சுவர் தன்னைத் தாங்க முடியாமல், ஐப்பசி மழையில் ஊறின சுவர்ப்பூச்சு மாதிரி இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பெயர ஆரம்பிக்கும். ஒரு பக்கம் ஆறும்போது இன்னொரு பக்கம் உதிரும், அதனால்தான் இன்றைக்கு நின்ற மாதிரி இருந்து நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கிறது.

"இத்தனை நாள் தேங்கின கெட்ட ரத்தம் போகுது, போகட்டும்" என்று சொல்வார்கள். ரத்தம் எங்கேயும் தேங்கி இருக்கவில்லை. இப்போது போவது உங்கள் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ரத்தம்தான், அதில் இரும்புச்சத்தும் சேர்ந்து போகிறது.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசாக நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால். 10 ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் வந்துகொண்டே இருந்தால். எழுந்தால் தலை சுற்றுகிறது, மாடிப்படி ஏறினால் படபடவென்று அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்றால். கர்ப்பமாக இருக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு இருந்து ரத்தம் வந்தால், அதிலும் ஒரு பக்க அடிவயிறு மட்டும் குத்தி வலித்தால் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

தலை சுற்றுகிறவர் தானே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, வட சென்னைக்காரர்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். இவை பிரசவத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, பெண்களுக்கு வரும் இந்த மாதிரி உதிரப்போக்கையும் அங்கே பார்ப்பார்கள், ராத்திரியிலும் டாக்டர் இருப்பார். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஓபி என்று குழப்பமாக இருந்தால் அரசின் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

ரொம்ப இல்லை, சும்மா கறை மாதிரி. ஆனா 15 நாளா இருக்கு. இதுக்குப் போய் டாக்டரா?

ஆமாம். ஓட வேண்டியதில்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் போங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்பதால் உடம்பு பழகிக்கொள்ளும், ஹீமோகுளோபின் 8-க்கு வந்த பிறகும் "கொஞ்சம் டயர்டா இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஸ் கட்டி மெல்ல வேண்டும், அரிசி மெல்ல வேண்டும் என்று ஆசை வந்தாலே இரும்புச்சத்து குறைந்திருக்கிறதோ என்று பார்க்க வேண்டும்.

டாக்டர் கேள்வி கேட்டா எனக்கு எதுவும் ஞாபகம் வர்றதில்லை. என்ன சொல்லணும்?

ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் முதல் கேள்வியே "கடைசியா எப்போ வந்தது?" என்றுதான் இருக்கும், நாம் "அது வந்து… பொங்கலுக்கு முன்னாடி…" என்று இழுப்போம். எழுதி வைப்பது ஒன்றே வழி.

எங்கள் வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நகைக்கடைக் காலண்டர் தொங்கும். அதில் பால் கணக்கு நீல மையில், என் கணக்கு பென்சிலில். கறை மட்டும் என்றால் ஒரு புள்ளி, சாதாரணம் என்றால் ஒரு கோடு, கொட்டினால் இரண்டு கோடு, கட்டி வந்தால் பக்கத்தில் ஒரு வட்டம். அன்றைக்கு மாற்றின பேட் எண்ணிக்கையும் மாத்திரை போட்டிருந்தால் அதன் பெயரின் முதல் எழுத்தும் அதே கட்டத்துக்குள். டாக்டரிடம் போகிற அன்று கடைசி ஆறு மாதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும், நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம், அவரே பார்த்துக்கொள்வார்.

பேட் எண்ணிக்கை மட்டும் எழுதினால் பாதிதான் புரியும். சிலர் நனையாமலே நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவோம், சிலர் விலையைப் பார்த்து ஊறும் வரை வைத்திருப்போம். பாதி நனைந்ததா, பக்கத்தில் கசிந்ததா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டி வந்ததா, இதெல்லாம்தான் அளவு சொல்லும்.

ஆப் போதாதா?

குறித்து வைக்க நல்லது. ஆனால் "உங்கள் அடுத்த பீரியட்ஸ் 12-ம் தேதி", "இன்று கருத்தரிக்க ஏற்ற நாள்" என்று அது சொல்வதை நம்பாதீர்கள். மாதா மாதம் ஒழுங்காக வருகிறவர்களின் கணக்கு அது, நமக்குப் பொருந்தாது. பாதுகாப்பான நாள் பார்த்து நடந்துகொள்வது பிசிஓஎஸ்ஸில் சுத்தமாக வேலைக்கு ஆகாது.

என்னென்ன டெஸ்ட் எடுப்பாங்க?

முதலில் கர்ப்பப் பரிசோதனை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஏன் என்று கூட வந்த அம்மா முகம் சுளிப்பார், அதற்காகக் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தவறான நேரத்தில் தவறான மருந்து கொடுத்துவிடக் கூடாதே என்று எல்லாருக்கும்தான் எடுக்கிறார்கள். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் "அம்மா கொஞ்சம் வெளியே இருக்கட்டுமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), சர்க்கரை. சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒரு முறையும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் எடுப்பது நம்பகமானது. வயசுக்கு வந்ததிலிருந்தே அதிகம் போகிறது, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகிறது, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஸ்கேன் ஒரு தனிக் கதை. கல்யாணம் ஆகாதவர்களுக்கு வயிற்றின் மேலேதான் பார்ப்பார்கள், அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு காலை இறுக்கிக்கொண்டு டோக்கன் நம்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், கூப்பிட்டதும் உள்ளே போனால் "இன்னும் ஃபுல் ஆகலைம்மா, இன்னொரு பாட்டில் குடிச்சிட்டு வாங்க" என்பார்கள். கையில் தண்ணீர் எடுத்துப் போங்கள், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுக் குடிக்க ஆரம்பியுங்கள். ரத்தம் போகும்போதும் ஸ்கேன் எடுக்கலாம், நிற்கட்டும் என்று காத்திருக்க அவசியமில்லை. உட்சுவர் எவ்வளவு தடிமன் என்று அதில் எழுதியிருக்கும், இந்தப் பிரச்சினைக்கு அந்த வரி முக்கியம்.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்தால் மட்டும் பிசிஓஎஸ் ஆகிவிடாது. 2003-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோல்தான் இன்றும் அடிப்படை: சினைமுட்டை ஒழுங்காக வெளியாகாதது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பது (முகத்தில் முடி, விடாத பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரிவது), ஸ்கேனில் தெரியும் மாற்றம். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், வேறு நோய் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். வயசுக்கு வந்து 8 வருடம்கூட ஆகாத பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்து முடிவு கட்டக் கூடாது, அந்த வயதில் பல பேருக்கு அப்படித்தான் தெரியும்.

எனக்கு பிசிஓஎஸ்னு ஏற்கெனவே தெரியும். அப்புறம் எதுக்கு மறுபடி டெஸ்ட்?

பிசிஓஎஸ் இருக்கிறவருக்கு ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி) வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பாலிப் (உட்சுவரில் வளரும் சின்னச் சதை), தைராய்டு, கருச்சிதைவு எல்லாமே இதே மாதிரி ரத்தப்போக்காகத்தான் காட்டும். எல்லாவற்றையும் "உனக்குத்தான் பிசிஓடி இருக்கே" என்று தள்ளிவிடுவது டாக்டர்களிலும் சிலரிடம் உண்டு, அப்படி நடந்தால் இன்னொருவரைப் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்ல கேட்டாலே நிறுத்துற மாத்திரை தர்றாங்களே?

தருகிறார்கள், அதுதான் சிக்கல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு வகை மாத்திரை இருக்கிறது. ஒன்று டிரானெக்ஸாமிக் ஆசிட். இது ஹார்மோன் இல்லை, உறைந்த ரத்தம் கரையாமல் பார்த்துக்கொண்டு போக்கின் அளவைக் குறைக்கும். பல சமயம் வலிக்கான மெஃபனாமிக் ஆசிட்டோடு சேர்த்தே வரும். கொட்டுகிற நாட்களுக்கு மட்டும் இது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டின சரித்திரம் இருந்தால் கூடாது.

இன்னொன்று நோரெதிஸ்டிரோன், நம் ஊரில் பிரிமோலட், ரெஜெஸ்ட்ரோன் என்ற பெயர்களில் எல்லாருக்கும் தெரிந்தது. கல்யாணம், கிரகப்பிரவேசம், திருப்பதி என்றால் "தள்ளிப்போட" வாங்குவது இதைத்தான். இது புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன், உதிர்ந்துகொண்டிருக்கும் சுவரைப் பிடித்து நிறுத்தும். மாத்திரையை நிறுத்தின இரண்டு மூன்று நாளில், சிலருக்கு ஒரு வாரத்துக்குள், மறுபடியும் ரத்தம் வரும். வரத்தான் வேண்டும்! பிடித்து வைத்த சுவர் இப்போது ஒரே சீராக உதிர்கிறது. இது தெரியாமல் "ஐயோ மருந்து வேலை செய்யலை" என்று பயந்து மறுபடியும் கடைக்குப் போய் இன்னொரு அட்டை வாங்கிப் போடுகிறவர்கள் ஏராளம். அப்படியே அது ஒரு சுழல் ஆகிவிடும், எது உடம்பின் பீரியட்ஸ், எது மாத்திரையின் பீரியட்ஸ் என்று டாக்டருக்கே புரியாத அளவுக்குக் குழம்பிப்போகும். அந்த மாத்திரை விட்டபின் வரும் ரத்தம் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று, தள்ளிப்போடப் போடும் இந்த மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கான மருந்து இல்லை அது.

நிறுத்துவது பாதி வேலைதான். சினைமுட்டை வெளியாகாத வரைக்கும் அடுத்த சுற்றும் இதே மாதிரி வரும். எனவே சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாமல் "இது நின்னதுக்கப்புறம் அடுத்த மூணு மாசத்துக்கு என்ன பண்றது டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் அடுத்த முறை போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த "அடுத்த மூணு மாசத்துக்கு" என்னதான் தருவாங்க?

ஆளைப் பொறுத்தது. ஒரு வழி, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் புரோஜெஸ்டிரோன் கொடுத்து வரவழைப்பது. இரண்டாவது, கூட்டு ஹார்மோன் மாத்திரை, அதாவது கருத்தடை மாத்திரை. மூன்றாவது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில். மிரினா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். போக்கு வெகுவாகக் குறையும், உட்சுவருக்கும் பாதுகாப்பு, குறைந்தது 5 வருடத்துக்குக் கவலை இல்லை. ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் படும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பரு, முடி இதற்கெல்லாம் அது உதவாது.

மெட்பார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையும் தருவார்கள். அது இன்சுலின் பக்கத்தைக் கவனிக்கும், நாளடைவில் சிலருக்குச் சுழற்சி சீராகும். இன்றைக்குக் கொட்டுவதை நிறுத்தும் மருந்து அது இல்லை. வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு போடுங்கள்.

கல்யாணம் ஆகாத பொண்ணுக்குக் கருத்தடை மாத்திரை எழுதியிருக்காரே. பின்னாடி குழந்தை பிறக்காதா?

பிறக்கும். மாத்திரையை நிறுத்தினால் அதன் விளைவும் நின்றுவிடும், கருத்தரிக்கும் திறனை அது கெடுப்பதில்லை. இங்கே அது உட்சுவர் மிதமிஞ்சி வளராமல் பார்த்துக்கொள்ளும் மருந்து, பருவும் முடியும்கூடக் கட்டுக்குள் வரும். அட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து வீட்டில் பூகம்பம் வரும் என்றால், டாக்டரையே அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். நாம் பத்து நாள் விளக்குவதை அவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார், வெள்ளைக் கோட்டுக்கு அந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் ஆகாது. கண் முன்னால் மின்னல் மாதிரி தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், ரத்தம் கட்டின சரித்திரம், 35 வயதுக்கு மேல் புகைப் பழக்கம், கல்லீரல் கோளாறு, பால் கொடுக்கும் ஆரம்ப மாதங்கள், இதில் எது இருந்தாலும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் மூன்று மாதம் இடையிடையே கறை படுவது வழக்கம். ஒரே நேரத்தில் போடாமல் விட்டுவிட்டுப் போட்டாலும் படும். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அரசு மையங்களில் மாலா-என் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் உங்களுக்கு அது ஏற்றதா என்று கேட்டுவிட்டே எடுங்கள்.

வரலைன்னா நிம்மதிதானே? எதுக்கு வரவழைக்கணும்?

மாதாமாதம் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மருந்து எதுவும் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் வராமல் விட்டால், அத்தனை நாளும் உட்சுவர் தடிக்கிறது. வருடக்கணக்கில் அப்படியே விட்டால் செல்கள் மாறிப்போய் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரைக்கும் போக வாய்ப்பு உண்டு. பிசிஓஎஸ் பெண்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். பயமுறுத்தச் சொல்லவில்லை, இளம் வயதில் அது அபூர்வம்தான், தடுப்பதும் சுலபம். கூட்டு மாத்திரையோ ஹார்மோன் காயிலோ இருந்து வராமல் இருந்தால் அது வேறு, அப்போது சுவர் மெலிசாகத்தான் இருக்கிறது.

ஹீமோகுளோபின் குறைஞ்சிருக்கு. பேரீச்சம்பழம் சாப்பிட்டா ஏறிடுமா?

12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கொஞ்சம் குறைவு என்றால் சாப்பாடு கைகொடுக்கும், 10, 9 என்று இறங்கிவிட்டால் பேரீச்சையும் முருங்கைக்கீரையும் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். சிலருக்கு ஊசி மருந்தாக நரம்பில் ஏற்ற வேண்டியிருக்கும்.

மாத்திரை போடுவதில்தான் கோட்டை விடுகிறோம். காலை டிபன், பின்னாலேயே ஃபில்டர் காபி, அதோடு இரும்பு மாத்திரை. காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது, பாலும் கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். காபிக்கும் மாத்திரைக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள், எலுமிச்சை ஜூஸோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். தினமும் போட்டால் வயிறு கல்லாகிறது என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அது போதுமானதாக இருக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எண் ஏறியதும் நிறுத்தாமல் இன்னும் மூன்று மாதம் போட்டால்தான் கிடங்கு நிரம்பும். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சீக்கிரம் போய்ச் சொல்லி வைத்தால்தான் சுவரொட்டி கிடைக்கும், மிளகு போட்டு வதக்கினால் வாசனை தெரியாது. கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்கள் ஈரலைத் தவிருங்கள், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

கழற்சிக்காய் பொடி, வாழைப்பூ, எள்ளுருண்டை?

எள்ளுருண்டையும் வாழைப்பூப் பொரியலும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். வராததை வரவழைக்கும், வந்ததை நிறுத்தும் என்று நம்பி வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கழற்சிக்காயைப் பொறுத்தவரை, மருந்துக்கு மாற்றாக வைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. சாப்பிட்டே தீருவேன் என்றால் முறையாகப் படித்த சித்த மருத்துவரைப் பாருங்கள், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவமனை இருக்கிறது. இரண்டு பக்க மருந்தையும் இரண்டு பக்க டாக்டருக்கும் சொல்லிவிடுங்கள். போனில் ஆர்டர் எடுத்து, பெயர் ஒட்டாத டப்பாவில் அனுப்பும் "நீர்க்கட்டி கரைக்கும் பொடி" மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் மூணு நாள் ஒதுங்கணும். எனக்கு 20 நாள் போகுதே?

இதைக் கேட்கிறவர்கள் நிறைய, வெளியே சொல்பவர்கள் குறைவு. மற்ற பெண்களுக்கு மாதத்தில் மூன்று நாள், நமக்கு மாதத்தில் முக்கால்வாசி. கொலு வைக்கும் வீட்டில் ஒன்பது நாளும் ஹாலுக்கு வராமல் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், கார்த்திகையில் அப்பாவோ அண்ணனோ மாலை போட்டால் பெரியம்மா வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டும், அங்கேயும் எத்தனை நாள் இருப்பது? ரத்தம் போகிற உடம்போடு தரையில் தனிப் பாயில் படுத்து, பசித்தாலும் யாராவது எடுத்துக் கொடுக்கும் வரை காத்திருப்பது உடம்புக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

எனக்கு இந்த வழக்கமே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் என் அபிப்பிராயத்தை வைத்து உங்கள் மாமியாரோடு நீங்கள் வாழ முடியாது. பல வீடுகளில் எடுபடும் ஒரு வழி: நாலாம் நாள் தலைக்குக் குளித்ததோடு கணக்கு முடிந்தது, அதற்கப்புறம் வருவது நோய், அதற்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுவது. பெரியவர்கள் நோய்க்கு இடம் கொடுப்பார்கள். பூஜை நாட்களுக்காக மட்டும் தள்ளிப்போடும் மாத்திரையை மறுபடி மறுபடி விழுங்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆடி வெள்ளி, நவராத்திரி, கார்த்திகை என்று அதற்கு முடிவே கிடையாது.

வேலைக்குப் போற நாள்ல எப்படிச் சமாளிக்கிறது?

பாத்ரூம்தான் முதல் கவலை. தாம்பரத்திலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ மின்சார ரயிலில் வந்தால் ரயிலுக்குள் வசதி இல்லை, மெட்ரோ என்றால் ஸ்டேஷனில் இருக்கும். எங்கே சுத்தமான இடம் இருக்கிறது என்று உங்கள் வழித்தடத்தில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு சின்னப் பவுச்: இரண்டு பேட், ஒரு உள்ளாடை, பழைய செய்தித்தாள் இரண்டு துண்டு, ஒரு ஜிப் கவர். அடர் நிற சுடிதார், கொட்டும் நாளில் உள்ளே ஒரு சைக்ளிங் ஷார்ட்ஸ்.

நம் ஊர் வெயிலுக்குத் தொடர்ந்து இரண்டு வாரம் பேட் வைத்தால் தொடை இடுக்கு வெந்துபோகும். அஞ்சு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றையே வைக்காதீர்கள், வாசனை போட்டதைத் தவிருங்கள், வீட்டில் இருக்கும் நேரம் பருத்தித் துணி, இரவில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம். மென்ஸ்ட்ருவல் கப் (உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சிலிகான் கப்) பழகிவிட்டால் 12 மணி நேரம் வரை தாங்கும், நீண்ட நாள் போகிறவர்களுக்குச் செலவும் மிச்சம், அளவு கோடு இருப்பதால் எவ்வளவு போகிறது என்றும் துல்லியமாகத் தெரியும். பேட் மீதான ஜிஎஸ்டியை 2018-ல் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் மாதத்துக்கு மூன்று பாக்கெட் வாங்குகிறவளுக்கு அது பெரிய செலவுதான்.

ரத்தம் போகும்போது நடக்கலாமா, உடற்பயிற்சி செய்யலாமா?

தலை சுற்றல் இல்லை என்றால் செய்யலாம். அதனால் ரத்தப்போக்கு அதிகமாகாது.

எடை குறைச்சா எல்லாம் சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க.

எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ இறக்கினாலே உடம்பு பதில் சொல்ல ஆரம்பிக்கும். "இருபது கிலோ இறங்கினப்புறம் வா" என்று சொல்லி அதுவரை மருந்தே தராமல் அனுப்புவது சரியல்ல, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்கள் இன்னும் குறைக்கப் பட்டினி கிடந்தால் இருக்கிற பீரியட்ஸும் நின்றுவிடும்.

இந்த டயட்தான் என்று ஒன்று கிடையாது. சோற்றை விட்டால் இரண்டு வாரத்தில் வெறுத்துப்போய் பிரியாணிக் கடைக்கு ஓடுவோம். தட்டில் சோற்றைக் குறைத்துப் பொரியலையும் பருப்பையும் முட்டையையும் கூட்டுங்கள், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேர்க்க நடங்கள், இரத்தசோகை இருந்தால் அது சரியானதும் வேகத்தைக் கூட்டுங்கள்.

கல்யாணம் ஆனா, குழந்தை பிறந்தா சரியாயிடுமா?

தாலிக்கும் சினைப்பைக்கும் சம்பந்தம் இல்லை. பீரியட்ஸ் ஒழுங்கில்லை என்பதற்காகக் கர்ப்பம் தரிக்காது என்றும் இல்லை, எப்போது சினைமுட்டை வெளியாகும் என்று தெரியாததால் குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் தடுப்பு முறை பயன்படுத்தியே ஆக வேண்டும். வேண்டும் என்பவர்களுக்கு, சினைமுட்டையை வெளியாகச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மாத்திரையில் ஆரம்பிப்பார்கள், பலருக்கு அதுவே போதும். எடுத்ததும் ஐவிஎஃப் என்று பேசுகிற இடத்தில் இன்னொரு அபிப்பிராயம் கேளுங்கள்.

நீர்க்கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா?

ஸ்கேனில் தெரிவது முழுசாக வளராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள், சில மில்லிமீட்டர்தான் இருக்கும். எடுக்க வேண்டியதும் இல்லை, வெடிக்கப் போவதும் இல்லை.

எதுக்கெடுத்தாலும் அழுகை வருது. இதுவும் அதுதானா?

இருக்கலாம். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம், ரத்தசோகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டாக்டரிடம் இதையும் ஒரு அறிகுறியாகச் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 104-லோ மனநல உதவி எண் 14416-லோ உடனே பேசுங்கள், இரண்டிலும் தமிழில் பேசலாம்.

இது எத்தனை வயசு வரைக்கும்?

முப்பதுகளின் கடைசியில், நாற்பதுகளில் பலருக்குத் தானாகவே சீராகிறது. ஆனால் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு பக்கத்து ஆபத்து கூடவே வரும், அதனால் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். 45-க்கு மேல் ஒழுங்கில்லாமலோ அதிகமாகவோ போனால் பழைய பிசிஓஎஸ் என்றோ "நிற்கப் போகிற நேரம்" என்றோ விட்டுவிடக் கூடாது, உட்சுவரில் துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். எடை அதிகம் உள்ளவர்களுக்கும், வருடக்கணக்கில் வராமல் விட்டவர்களுக்கும், மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் அதற்கு முன்பே அந்தப் பரிசோதனை தேவைப்படலாம். மாதவிடாய் முழுசாக நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு பட்டாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள், உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இது பொருந்தும், அவர்கள்தான் இதை வெளியே சொல்ல மாட்டார்கள்.